மேசையில் பாயும் பன்றி திரையில் ஏன் திணறுகிறது? சண்டை விதிகளைக் கேமாக்க ஒரு முதற்பாடம்

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கச்சான் தோட்டம். நடுச்சாமம். பரணில் மூன்று காவல்காரர். அலம்பல் வேலியைப் பிய்த்துக்கொண்டு இரண்டு காட்டுப்பன்றிகள் உள்ளே வருகின்றன. இந்தச் சண்டையைப் பாயில் சுற்றியிருந்து பகடை உருட்டி விளையாடினால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். விதி பற்றி ஒருவரும் பெரிதாக வாய்த்தர்க்கப்படமாட்டார்கள். அதே விதிகளை ஒரு வரி விடாமல் நிரலாக எழுதிப் போனில் ஓடவிட்டுப் பாருங்கள். பன்றி வளைந்து வளைந்து வரும், வந்தும் பாயாது. காவல்காரர் மூவரும் மாறி மாறிக் காற்றைக் குத்துவார்கள். விளையாடுகிறவர் இரண்டாம் நிமிடமே போனைக் கீழே வைத்துவிடுவார். விதிகள் அப்படியேதான் இருக்கின்றன. மேசையில் இருந்த ஒரு ஆளைத்தான் காணவில்லை.

அவர்தான் விளையாட்டை நடத்துபவர். கேம் மாஸ்டர் என்பார்கள். பாத்திரமேற்று விளையாடும் மேசை விளையாட்டில் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் இருக்கும். நடத்துபவருக்கோ பன்றி, மழை, இருட்டு, வேலி எல்லாமே. புத்தகம் சொல்லாத இடங்களை அவர் தன் பாட்டில் நிரப்பிக்கொண்டே போவார், அவர் நிரப்புவது ஒருவருக்கும் தெரியாது. புத்தக விதிகளை நிரலாக்குவது சில நாள் வேலை. அவர் வாயால் சொல்லித் தீர்த்தவற்றை நிரலாக்குவதில்தான் மாதங்கள் போகும்.

ஆகவே கணினியைத் திறக்க முன்னர் அதே சண்டையைப் பாயில் ஐந்து தடவையாவது விளையாடுங்கள். ஒருவர் விளையாடாமல் ஒரு கொப்பியோடு பக்கத்தில் இருக்கட்டும். நடத்துபவர் புத்தகத்தில் இல்லாத எதையாவது தீர்மானிக்கும் ஒவ்வொரு தடவையும் அதை ஒரு வரியில் எழுதவேண்டும்: ‘பன்றிக்குத் தெரியுமா என்று கேட்டான், தெரியாது என்றார்’, ‘குளக்கட்டில் ஏற எத்தனை அடி என்று கேட்டாள், பத்து என்றார்’. ஐந்து சண்டை முடியும்போது கொப்பியில் சேர்ந்திருப்பவைதான் நீங்கள் உண்மையில் எழுதவேண்டிய விதிகள்.

வன்னியில் கேம் செய்ய உட்காரும் எவருக்கும் முதலில் தோன்றுவது பண்டாரவன்னியன்தான். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த சண்டை. ஆசை நியாயமானது. ஆனால் அங்கிருந்து தொடங்கவேண்டாம். இந்த வகை விதிகள் ஆளுக்கு ஆள் மோதும் நாலைந்து பேருக்காக எழுதப்பட்டவை. நூறு பேரை இறக்கினால் கணக்கு ஒத்துவந்தாலும் பார்ப்பவருக்குப் பொறுமை இருக்காது. பன்றியில் தொடங்குவோம்.

பன்றியின் எண்கள்

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் தாய் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974 இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அதன் ஐந்தாம் பதிப்பு 2014 இல் வந்தது. அந்தப் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டால், காசுக்கு விற்கும் கேமிலும் அந்த விதிகளைப் பயன்படுத்தலாம். விளையாட்டின் பெயரையும் சின்னத்தையும் மட்டும் தொடக்கூடாது. எங்கள் அதிர்ஷ்டத்துக்கு அந்தத் தொகுப்பில் காட்டுப்பன்றியும் இருக்கிறது.

அதன் கவச எண் 11, உயிர்ப்புள்ளி 11 (சேதம் இதைத்தான் குறைக்கும், தீர்ந்தால் சாவு). தன் முறை வரும்போது 40 அடி ஓடும். பல்லால் கிழிக்கும்போது 20 முகப் பகடையை உருட்டி 3 கூட்டவேண்டும். வரும் தொகை எதிரியின் கவச எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ பட்டது என்று அர்த்தம். பட்டால் ஒரு 6 முகப் பகடையோடு 1 கூட்டிய அளவு சேதம். பகடையில் 20 விழுந்தால் எப்படியும் படும், அப்போது சேதப் பகடையை இரண்டு தடவை உருட்டவேண்டும். 1 விழுந்தால் எப்படியும் தவறும்.

எங்கள் காவல்காரருக்குக் கவச எண் 13 என்று வைப்போம். பன்றிக்கு 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். 20 முகத்தில் 11 முகம், அதாவது 55 சதவீதம். காவல்காரர் ஈட்டியால் குத்தும்போது 4 கூட்டுகிறார் என்றால், பன்றியின் 11 ஐத் தொட 7 போதும். 14 முகம், 70 சதவீதம்.

இதோடு பன்றிக்கு இரண்டு தனிக் குணங்கள் உண்டு. நேராக 20 அடியாவது ஓடிவந்து அதே முறையில் அடித்தால் இன்னொரு 6 முகப் பகடை சேதம் சேரும். அடிபட்டவர் பலத்துக்கான உருட்டலில் 11 எடுக்காவிட்டால் விழுந்துவிடுவார். இது பாய்ச்சல். மற்றது விடாப்பிடி: 7 அல்லது அதற்குக் குறைந்த சேதத்தால் சாகவேண்டி வந்தால், சாகாமல் 1 புள்ளியுடன் எழுந்து நிற்கும். மறுபடி ஓய்வெடுக்கும்வரை ஒரு தடவைதான். பன்றி வேட்டைக்குப் போனவர்களிடம் கேட்டால் இந்த இரண்டு விதியையும் எழுதியவருக்குப் பன்றியைத் தெரிந்திருக்கிறது என்பார்கள்.

‘நேராக’ என்றால் எவ்வளவு நேர்?

பாயில் இது ஒரு கேள்வியே இல்லை. நடத்துபவர் நடுவில் வைத்த கட்டப் பலகையை ஒருதரம் பார்த்து, “ஓம், நேராத்தான் வருது, பாயுது” என்பார். கணினிக்குப் பார்வை இல்லை. வழிதேடும் நிரல் அதற்குக் கொடுப்பது ஒரு கட்டப் பட்டியல் மட்டும்.

முதலில் எல்லாரும் எழுதுவது, எல்லா நகர்வும் ஒரே திசையில் இருந்தால் அது நேர் என்ற விதி. கட்டப் பலகையில் எட்டுத் திசைதான் உண்டு. ஆகவே பன்றிக்கும் ஆளுக்கும் இடையில் எட்டுக் கட்டம் குறுக்காகவும் மூன்று கட்டம் மேலாகவும் தூரம் இருந்தால், நடுவில் ஒரு புல்லும் இல்லாத வெட்டையிலும் பாய்ச்சல் வராது. விளையாடுகிறவர் இதை இரண்டு சண்டையில் பிடித்துவிடுவார். பிறகு அந்த எட்டுத் திசைக்கும் விலகிய இடமாகப் பார்த்து நின்றே வெல்லுவார்.

ஒரு விகிதம் வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டம் தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள நேர்க்கோட்டுத் தூரத்தை, உண்மையில் ஓடிய தூரத்தால் பிரியுங்கள். 0.9 அல்லது அதற்கு மேல் வந்து, நேர்க்கோட்டுத் தூரமும் 20 அடியாவது இருந்தால் பாய்ச்சல் உண்டு. 5 அடிக் கட்டத்தில் மூலைவிட்ட நகர்வு ஒன்று 7.07 அடி. 20 அடி ஓட்டத்தில் ஒரு மரக்குற்றியைச் சுற்றினால் ஓடியது சுமார் 24.1 அடி, விகிதம் 0.83, பாய்ச்சல் இல்லை. 40 அடி ஓட்டத்தில் அதே குற்றியைச் சுற்றினால் ஓடியது 44.1, விகிதம் 0.91, பாய்ச்சல் உண்டு. கிட்ட நின்று வளைந்தால் வேகம் போகும், தூரத்திலிருந்து வந்து ஒருக்கால் வளைந்தால் போகாது. காட்டிலும் அப்படித்தான்.

அடுத்த தொல்லை வழிதேடலில் இருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் எளிய கணக்கில் மூலைவிட்ட நகர்வும் நேர் நகர்வும் ஒரே 5 அடிதான். அதனால் ஒரே செலவில் பத்துப் பன்னிரண்டு வழிகள் கிடைக்கும். நிரலோ முதலில் அகப்பட்டதை எடுக்கும். பன்றி கள்ளடித்தது போல வளைந்து வளைந்து வருவது இதனால்தான். பிழை பன்றியின் மூளையில் இருக்கிறதென்று நினைத்து அங்கே நாட்கணக்காகத் தேடவேண்டாம். ஒவ்வொரு கட்டத்தின் செலவோடும், அந்தக் கட்டம் நேர்க்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரத்தை 0.001 ஆல் பெருக்கிக் கூட்டிவிடுங்கள். சமசெலவு வழிகளுக்குள் நேரானது தானாக முன்னுக்கு வரும். எண் அவ்வளவு சிறியது என்பதால் வேறெதுவும் குழம்பாது.

கட்டமே வேண்டாம் என்றும் விடலாம். லேரியன் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் ஐந்தாம் பதிப்பு விதிகளில்தான் ஓடுகிறது. ஆனால் அதில் கட்டம் இல்லை, தூரம் மீற்றரில் அளக்கப்படுகிறது, 30 அடி 9 மீற்றராகிவிட்டது. அழகாக இருக்கும். தொடக்கக்காரர் அதில் கை வைத்தால் இரண்டு உடல்கள் முட்டிக்கொள்வதைத் தீர்க்கவே ஒரு பருவம் போய்விடும்.

ஆருடைய முறை?

மேசையில் ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 செக்கன். அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. கேமில் இதை இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள். 1988 இல் வந்த பூல் ஒஃப் ரேடியன்ஸ் முறைக்கு முறை நின்று ஓடியது. 1998 இன் பால்டர்ஸ் கேட் ஒரு சுற்றை உண்மையான 6 செக்கனாக ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்திக் கட்டளை கொடுக்கவிட்டது. சுற்றுக்கு இரண்டு தடவை அடிக்கக்கூடியவர் மூன்று செக்கனுக்கு ஒரு தடவை அடிப்பார். அதே தொடரின் மூன்றாம் கேம் திரும்பவும் முறைக்கு வந்துவிட்டது.

முறையையே எடுங்கள். ஓடும் நேரத்தில், சிறிய போன் திரையில், விரலால் மூன்று பேரை ஆளமுடியாது. ஆனால் முறைக்கு ஒரு விலை இருக்கிறது: காத்திருப்பு. பன்றி ஓட 1 செக்கன், அடிக்க 2 செக்கன், கமெரா திரும்ப அரைச் செக்கன். எட்டுப் பன்றி என்றால் ஒரு சுற்றுக்கு 28 செக்கன் விளையாடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். பாயில் நடத்துபவர் இதை எப்படிச் செய்வார்? “எட்டும் வருது. உனக்கு ரண்டு, உனக்கு மூண்டு, மிச்சம் பரணுக்கு” என்று சொல்லிவிட்டு ஒரு கைபிடி பகடையை ஒரேயடியாக உருட்டுவார். நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரே இனத்துக்கு ஒரே முறை கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிடுங்கள், அடிகளை மட்டும் அரைச் செக்கன் இடைவெளியில் காட்டுங்கள். ஓட்டம் 1 செக்கன், அடிகள் 4 செக்கன், கடைசி அசைவு முடிய இன்னும் கொஞ்சம்: ஏழு செக்கனுக்குள் அடங்கும்.

யார் முந்துவது என்பதற்குப் புத்தகத்தில் 20 முகப் பகடையோடு சுறுசுறுப்பு எண்ணைக் கூட்டுவார்கள். பால்டர்ஸ் கேட் 3 இதில் 4 முகப் பகடையைப் போட்டது. சின்ன மாற்றமாகத் தெரியும், கணக்குப் போட்டால் தெரியாது. 3 கூடுதலாக உள்ளவர் ஒன்றுமில்லாதவரை முந்தும் வாய்ப்பு 20 முகத்தில் சுமார் 62 சதவீதம். 4 முகத்தில் 16 இல் 15 தடவை முந்துவார், மிச்ச ஒரு தடவை சமன். மேசையில் மெதுவானவன் முந்தினால் அதை வைத்து நடத்துபவர் ஒரு கதை சொல்லுவார். திரையில் கதை சொல்ல ஆளில்லை. சுறுசுறுப்புக்குப் புள்ளி போட்டவர் பிந்தினால் அவருக்கு அது பிழையாகத்தான் தெரியும்.

“பொறடா, பொறடா!”

மேசையிலிருந்து திரைக்கு வரும்போது அதிகம் உடைவது இந்த இடம்தான். பன்றி அடித்துவிட்டது, பகடை விழுந்துவிட்டது, நடத்துபவர் சேதத்தைச் சொல்ல வாயெடுக்கிறார். அப்போது ஒருவர் குறுக்கே விழுந்து, “பொறடா, நான் பலகையைத் தூக்கிறன்!” என்கிறார். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு எதிர்வினை உண்டு. கேடயமாகப் பிடிக்கும் எங்கள் பலகை அந்த ஒரு அடிக்கு மட்டும் கவச எண்ணை 5 உயர்த்தும் என்று வைப்போம். 13 உள்ளவர் 18 ஆகிறார், பட்ட அடி படாததாகிறது.

தொடக்கக்காரர் எழுதும் நிரலில் அடிப்பது ஒரே துண்டாக இருக்கும்: உருட்டு, ஒப்பிடு, புள்ளியைக் கழி. இதற்குள் “பொறடா” என்று சொல்ல இடைவெளி இல்லை. பிறகு நுழைக்கப் போனால் முழுவதையும் உடைத்துத்தான் எழுதவேண்டும். ஆகவே முதல் நாளே அடியைத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். பன்றி ஒரு ஆளைத் தெரிவு செய்கிறது, அங்கே ஒரு நிறுத்தம். பகடை உருளுகிறது, நிறுத்தம். கூட்டல்கள் சேர்ந்து தொகை வருகிறது, நிறுத்தம். பட்டதா என்று தீர்மானமாகிறது, நிறுத்தம். சேதம் உருளுகிறது, கழிவுகள் போகின்றன, நிறுத்தம். புள்ளி குறைகிறது, விழுந்தாரா செத்தாரா என்று பார்க்கப்படுகிறது, கடைசி நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிரல், “இங்கே குறுக்கிட யாருக்காவது உரிமை இருக்கிறதா?” என்று ஒரு பட்டியலைப் பார்க்கும். பெரும்பாலும் ஒருவரும் இருக்கமாட்டார்கள், ஒரு நொடியும் வீணாகாது. ஒரு குறுக்கீட்டுக்குள் இன்னொன்று வந்தால் பிந்தி வந்தது முதலில் முடியவேண்டும், கோப்பையை அடுக்கி மேலிருந்து எடுப்பது போல.

நிறுத்தங்கள் சரியானதும் அடுத்த தொல்லை முளைக்கும். ஒவ்வொரு அடிக்கும் ‘பலகையைத் தூக்கவா?’ என்று ஒரு பெட்டி வந்து நின்றால் விளையாடுகிறவருக்கு விசர் பிடிக்கும். கேட்பதால் முடிவு மாறும்போது மட்டும் கேளுங்கள். பன்றியின் தொகை 13 முதல் 17 வரை இருந்தால் பலகை காப்பாற்றும். 18 ஐத் தொட்டாலோ தாண்டினாலோ தூக்கியும் பிரயோசனமில்லை. பகடையில் 10 முதல் 14 வரை ஐந்து முகம், ஆக நாலு அடிக்கு ஒரு தடவைதான் பெட்டி வரும். ‘எப்போதும் கேள், தானாகத் தூக்கு, தூக்காதே’ என்று மூன்று தெரிவையும் அமைப்புகளில் வைத்துவிடுங்கள்.

பேணிக்குள் புளியங்கொட்டை

20 முகப் பகடை தேடிக் கிளிநொச்சிக் கடைகளெல்லாம் அலையவேண்டாம். 20 புளியங்கொட்டையில் 1 முதல் 20 வரை எழுதிப் பால்மாப் பேணிக்குள் போட்டுக் குலுக்கினால் போதும். எடுத்த கொட்டையைத் திரும்பப் போட்டுக் குலுக்கினால் அது பகடை. திரும்பப் போடாமல் வெளியே வைத்துக்கொண்டே போனால் அது வேறு சாமான், கேம் செய்கிறவர்களுக்கு மிகவும் வேண்டிய சாமான்.

உண்மையான பகடை கேமில் ஏன் சரிவராது? 70 சதவீதம் படும் குத்து தொடர்ந்து மூன்று தடவை தவறும் வாய்ப்பு 2.7 சதவீதம். பாயில் ஒரு சண்டையில் ஆளுக்கு மூன்று நாலு குத்து, அதனால் அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் சிரிப்பார்கள். போனில் ஒருவர் பின்னேரத்துக்குள் 100 குத்துக் குத்துவார். அப்படிப்பட்ட தொடர் தவறல் சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு தடவை வரும். வந்தவுடன் ‘இந்தக் கேம் கள்ளம்’ என்பார். கணக்கு அவருக்கு எதிராக இருந்தாலும் அவர் போய்விட்டால் உங்களுக்குத்தான் நட்டம்.

கொட்டையைத் திரும்பப் போடாவிட்டால் 20 குத்தில் சரியாக 14 படும், 6 தவறும். கேம் உலகில் இதைக் குலுக்குப் பை என்று சொல்லலாம். ஆனால் அதற்கும் ஓட்டைகள் உண்டு. ஒரு பேணியின் கடைசி ஆறும் அடுத்த பேணியின் முதல் ஆறும் தவறலாக அமைந்தால் தொடர்ந்து 12 தவறும். அரிது, ஆனால் நடக்கும். இன்னொன்று, கெட்டிக்காரப் பெடியள் எந்தக் கொட்டை போய்விட்டது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதைவிட மோசம், பன்றி வரமுன் பாலை மரத்தைக் குத்திக் குத்திச் சின்ன எண்களைத் தீர்த்துவிட்டு, பெரிய எண்களை மட்டும் மிச்சம் பிடிப்பார்கள். எதிரியல்லாத எதைக் குத்தினாலும் பேணியைத் தொடாமல் சாதாரணப் பகடையை உருட்டுங்கள். 40 கொட்டை போட்டு, 30 எடுத்ததும் எல்லாவற்றையும் திரும்பக் கலக்குங்கள். ஒவ்வொரு காவல்காரருக்கும் தனிப் பேணி கொடுங்கள். பன்றிகளுக்குச் சுத்தமான பகடையே போதும், அவை முறைப்பாடு செய்யாது.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஜப்பானின் ஃபயர் எம்பிளம் தொடரின் பல கேம்களில் இரண்டு எண்ணை எடுத்து அவற்றின் சராசரியை ஒப்பிடுவார்கள். திரையில் 80 சதவீதம் என்று காட்டும் அடி உண்மையில் சுமார் 92 சதவீதம் படும், 20 என்று காட்டுவது சுமார் 8 தான். மனிதர் 80 ஐ ‘கட்டாயம் படும்’ என்றே வாசிக்கிறார்கள் என்பதால் இது எடுபடுகிறது. பால்டர்ஸ் கேட் 3 இலும் தொடர் தவறலைத் தடுக்கும் ஒரு தெரிவு உண்டு, வேண்டாதவர் நிறுத்திவைக்கலாம். என்னைக் கேட்டால் கொட்டைப் பேணிதான் நேர்மையானது. காட்டும் எண்ணும் நடக்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

சேவ் செய்யும்போது பேணியில் மிச்சமுள்ள கொட்டைகளையும், பகடை எண்களைத் தரும் எழுந்தமான எண் பிறப்பாக்கியின் அப்போதைய நிலையையும் சேர்த்தே சேமியுங்கள். விட்டால், தவறும்போதெல்லாம் சேவைத் திரும்ப ஏற்றிக் குத்திக்கொண்டே இருப்பார்கள்.

கழிப்பதா முதலில், பிரிப்பதா?

17 சேதம் வருகிறது. தோல் அங்கி 3 ஐக் கழிக்கும். பாதியாகக் குறைக்கும் ஒரு காப்பும் இருக்கிறது. கழித்துப் பிரித்தால் 14 இன் பாதி 7. பிரித்துக் கழித்தால் 8.5 ஐக் கீழே இறக்கி 8, அதில் 3 போனால் 5. பாயில் நடத்துபவர் இன்றைக்கு ஒரு மாதிரியும் நாளைக்கு ஒரு மாதிரியும் செய்திருப்பார், ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஐந்தாம் பதிப்பில் கூட்டல் கழித்தல் முதலில், பாதியாக்கல் பிறகு, பின்னம் எப்போதும் கீழே. இதை நிரலில் ஒரே ஒரு இடத்தில் எழுதுங்கள். ஆயுதத்துக்கு ஆயுதம் தனியாக எழுதியவர்கள் பிறகு படும் பாட்டைச் சொல்லி முடியாது.

பன்றியின் விடாப்பிடியில் இதன் நுணுக்கம் தெரியும். 8 புள்ளியோடு நிற்கும் பன்றிக்குத் தீப்பந்தம் கட்டிய ஈட்டியால் ஒரு குத்து: ஈட்டி 5, தீ 4. சேர்த்து 9 என்று பார்த்தால் அது 7 ஐத் தாண்டுகிறது, பன்றி சாகும். தனித்தனியாகப் பார்த்தால் முதல் 5 இல் 3 மிஞ்சும், அடுத்த 4 அதைக் கொல்லவேண்டும், ஆனால் 4 என்பது 7 க்குள், ஆகவே பன்றி 1 புள்ளியுடன் எழுந்து நிற்கும். ஒரே குத்து, இரண்டு முடிவு. ஒரு குத்தின் எல்லாச் சேதத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, கடைசியில் ஒரு தடவை மட்டும் புள்ளியில் கழியுங்கள்.

பன்றிக்குக் கணக்குத் தெரியாது

எதிரியின் மூளையை எழுதும்போது வரும் இயல்பான எண்ணம், உயிர்ப்புள்ளி மிகக் குறைந்தவரை அடிக்கச் சொல்வது. கணினிக்கு எல்லாரின் புள்ளியும் தெரியும் என்பதால் மூன்று பன்றியும் நேரே போய் விழுந்து கிடப்பவரையே கிழிக்கும். நடத்துபவர் ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டார். கொப்பியைப் பாருங்கள், ‘பன்றிக்குத் தெரியாது’ என்ற வரி பல தடவை இருக்கும். கிட்ட நிற்பவரை அடி, கடைசியாகக் குத்தியவரை நோக்கித் திரும்பு, 3 புள்ளிக்குக் கீழே போனால் வந்த ஓட்டையால் ஓடு. இந்த மூன்று வரி போதும். தந்திரம் செய்யும் எதிரி வேண்டுமென்றால் மனிதரை வையுங்கள்.

ஒருவர் “நான் ஓலைக் கொள்ளியைப் பத்தவைச்சு முன்னால எறியிறன்” என்பார், இன்னொருவர் யானை வெடியைக் கொளுத்துவார். பாயில் எல்லாம் நடக்கும், நிரலில் எல்லாவற்றுக்கும் இடமில்லை. கொப்பியில் அதிகம் வந்த மூன்றை மட்டும் பொத்தானாக்குங்கள். அவற்றைத் தனி விதியாக எழுதாமல் ‘தீ’, ‘சத்தம்’, ‘ஈரம்’ என்ற குணங்களாக எழுதினால் ஈர வைக்கோல் எரியாது என்பது தானாக வந்துவிடும். குளக்கட்டுக்குப் பின்னால் பதுங்குவதும் அப்படியே. அடிப்பவரின் நடுவிலிருந்து இலக்குக் கட்டத்தின் நாலு மூலைக்கும் கோடு இழுத்து, இரண்டு மறைந்தால் கவச எண்ணுக்கு 2 கூட்டுங்கள், மூன்று மறைந்தால் 5. ஒரே கோட்டை நம்பினால் ஒற்றைப் பனை ஒரு ஆளையே முழுதாக மறைத்துவிடும்.

திரையின் ஓரத்தில் சண்டைக் குறிப்பு ஓடட்டும்: ‘ஈட்டி: 5 + 4 = 9, வேண்டியது 11, தவறியது’. எண்ணைக் கண்டவர் தவறலை ஏற்றுக்கொள்வார். தமிழில் எழுதும்போது ‘கொ’, ‘டு’ போன்ற எழுத்துகள் துண்டு துண்டாக உடைகின்றனவா என்று முதல் நாளே பாருங்கள். எழுத்தை வடிவமைத்துக் கோர்க்கும் வசதி கேம் செய்யும் எல்லா இயங்குபொறியிலும் (எஞ்சின்) இல்லை. இலவசமாகக் கிடைக்கும் கோடோவில் 4 ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. பொத்தானில் ‘எதிர்வினை’ அடங்காது, ‘தடு’ அடங்கும்.

ஒரு இலட்சம் அடி

படமும் சத்தமும் இல்லாமல், கவச எண் 13 உள்ள ஒருவரைப் பன்றி ஒரு இலட்சம் தடவை அடிக்கும்படி நிரலை ஓடவிடுங்கள். பாய்ச்சல் வேண்டாம், பலகை வேண்டாம், பேணியும் வேண்டாம். சாதாரண போனிலும் நிமிடத்துக்குள் முடியும். ஒரு அடிக்குச் சராசரிச் சேதம் எவ்வளவு வரவேண்டும் என்று கையால் போடலாம்: 55 சதவீதம் படும், பட்டால் சராசரி 4.5, அது 2.475. இருபதில் ஒரு தடவை இன்னொரு பகடையின் 3.5 சேரும், அது 0.175. மொத்தம் 2.65.

2.63 க்கும் 2.67 க்கும் இடையில் வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். 2.70 வந்தால், 20 விழும்போது பகடையோடு அந்த 1 ஐயும் இரட்டிப்பாக்கிவிட்டீர்கள். 2.43 வந்தால், ‘தொட்டாலும் தாண்டினாலும்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘தாண்டினால்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 2.48 வந்தால் இரட்டைப் பகடை ஓடவே இல்லை. 2.25 வந்தால் உங்கள் பகடை 1 முதல் 20 வரை இல்லாமல் 0 முதல் 19 வரை உருளுகிறது.